இலையான் அண்ணை தேடிய ஆம்பிளை

டென்மார்க்கில் இருக்கிற தமிழர்களில், சாப்பாட்டில் இலையான் வந்து குந்தினால் அதைக் கலைக்காமல், அது சாப்பிட்டு முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்த மனிதர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் அப்படி ஒருவர் இருந்ததில்லை. இனிமேல் ஒருவர் பிறந்து வந்தால், அவரைப் பெற்றவர்களை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம். நீங்கள் ஈ என்பதைத்தான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் இலையான் என்போம். ஒடென்சேயில் எங்கள் மாடிக் கட்டடத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்தவர் இலையான் அண்ணை. கலியாணம் முடிக்காதவர். ஓர் அருங்காட்சியகத்தில் வேலை. தென்னமெரிக்கக் காடுகளில் பிடிபட்டு, மதுசாரம் நிரப்பிய சின்னப் போத்தல்களில் மிதந்து வருகிற இலையான்களை இனம் பிரிப்பதும், பெயர் இல்லாத இனங்களுக்குப் பெயர் வைப்பதும்தான் அந்த வேலை. இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று அறிந்த அன்று என் கணவர் தன் தொழிற்சாலை வேலையை நினைத்து இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதால் தபால் பெட்டியில் பெயருக்கு முன்னால் ‘டொக்டர்’ என்று எழுதி வைத்தார். அது அவர் செய்த பெரிய பிழை. முழங்கால் நோ, சலரோகம், பிள்ளைக்கு இருமல் என்று எங்கள் சனம் படியேறத் தொடங்கிவிட்டது. மனிதரும் ஒருவரையும் திருப்பி அனுப்ப மாட்டார். ஓர் அம்மாவின் முழங்காலைப் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அம்மா, உங்களுக்கு ரெண்டு கால்தானே இருக்கு. ஆறு கால் இருந்திருந்தால் நான் ஏதும் சொல்லியிருப்பன்” என்றாராம். அந்த அம்மா கோயிலில் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், பக்கத்தில் இருந்த அப்பாவி ஒருவர், “இப்ப என்ன ஆராய்ச்சி நடக்குது அண்ணை?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டார்.

“அங்கால ஒரு இலையான் இருக்கு. எறும்பின்ர உடம்புக்குள்ள முட்டை போடும். புழு மெல்ல மெல்ல எறும்பின்ர தலைக்குள்ள போயிருந்து, உள்ளுக்க இருக்கிறதெல்லாத்தையும் திண்டிட்டு, பேந்து தலையைக் கழட்டி விழுத்தும். என்ன வடிவு தெரியுமோ!”

அந்த வரிசையில் பாயாசத்தை ஒருவரும் தொடவில்லை. இவர் மட்டும் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்.

சுப்பர்மார்க்கெட்டுக்கு அவரோடு போனால் நான் நாலடி தள்ளித்தான் நடப்பேன். கொக்கோப் பூவுக்கு மகரந்தம் காவுவது ஒரு பொட்டளவு இலையானாம். அது இல்லாவிட்டால் உலகத்தில் சொக்லேட்டே இல்லையாம். அதைச் சொக்லேட் வாங்க வந்த டேனிஷ் மூதாட்டியிடம் விளக்கி, “நீங்கள் கூடையில் வைத்திருப்பது இலையான் போட்ட பிச்சை” என்று சுத்தமான டேனிஷில் முடித்தார். அந்த மூதாட்டி சொக்லேட்டைத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோடையில் பல்கனியில் அழுகின வாழைப்பழமும் மீன் தலையும் வைப்பார். “தென்னமெரிக்காவில இருக்கிற ஆக்களின்ர சொந்தக்காரர் இஞ்சையும் இருக்கினம் பிள்ளை. அவையளையும் பாக்கவேணும்தானே” என்பார். மணம் தாங்காமல் அவருடைய பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் முறைப்பாடு கொடுக்க, கட்டடத்தைப் பராமரிக்கிறவர் கோபத்தோடு மேலே போனார். பின்னேரமாகியும் ஆள் இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தால் நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு, “இதுக்குக் காலில மயிர் இருக்கு! இதுக்கு இல்லை!” என்று கத்திக்கொண்டிருக்கிறார். அடுத்த கிழமை அவரே ஒரு நெருப்புப் பெட்டிக்குள் இலையான் பிடித்துக்கொண்டு வந்தார்.

இத்தனை கூத்துக்குள்ளும் மனிதரை ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. எக்குவடோர் நாட்டின் மலைக்காட்டில் மார்த்தா என்று ஒரு பெண். கூடாரம்போல வலை கட்டி, மழைக்குள் நின்று இலையான் பிடித்து இவருக்கு அனுப்புகிறவர் அவர்தான். இருவரும் நேரில் கண்டதில்லை. மார்த்தா அனுப்பியதில் ஓர் இலையான், பறக்கிற கறுத்த செட்டையில் வெள்ளைப் பொட்டு வைத்தது, ஒரு புத்தகத்திலும் இல்லாத புது இனம் என்பது அண்ணையின் சந்தேகம். ஆனால் வந்ததெல்லாம் பெண்.

“பேரை வைச்சுவிடுங்கோவன் அண்ணை. ஆர் கேக்கப்போகினம்?” என்றேன்.

“அப்பிடி வைக்கேலாது பிள்ளை. இந்தக் கூட்டத்தில பொம்பிளையள் எல்லாம் ஒரே மாதிரி. ஆம்பிளையின்ர பின்பக்கத்தை நுணுக்கமாப் பாத்தால்தான் இது புதுசோ பழசோ எண்டு சொல்லலாம். ஒரேயொரு ஆம்பிளை கிடைச்சால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

“இல்லாட்டி என்ன குடியோ முழுகிப்போகும்?”

“காட்டை வெட்டி மாடு விடுகினம் பிள்ளை. பேர் வைக்க முன்னம் அழிஞ்சு போச்செண்டால், அப்பிடி ஒண்டு இருந்ததெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. மார்த்தாவின்ர பேரைத்தான் அதுக்கு வைப்பன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்.”

மார்த்தா என்று சொல்லும்போது மனிதரின் காது இரண்டும் சிவந்ததை நான் கண்டேன். காணாததுபோல வெங்காயம் வெட்டினேன்.

ஒருநாள் டிராமில் வரும்போது எனக்குப் போன் எடுத்து, தன் வழக்கமான பிலத்த குரலில் கதைத்திருக்கிறார். “பொம்பிளையள் வேணுமெண்ட அளவு இருக்கு பிள்ளை. ஆம்பிளைதான் ஒண்டும் அம்பிடுதில்லை. பின்பக்கம் பாக்காமல் நான் எப்பிடி முடிவெடுக்கிறது?” அந்த டிராமில் எங்கள் தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தார். பொழுதுபடுவதற்குள் ஒடென்சே முழுக்கக் கதை பரவிவிட்டது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவர் நேரே விசாரணைக்கு வந்துவிட்டார்.

எங்கள் தலைவர் நல்ல மனிதர். மேடையும் ஒலிவாங்கியும் இருந்தால் சோறு தண்ணி தேவைப்படாதவர். “உங்கட வீட்டில ஆருக்கும் மாப்பிளை தேடுறியளெண்டால் சங்கத்திட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணை? ஸ்கீவவில ஒரு பெடியன் இருக்கிறான், பஸ் ஓடுறான், குடிக்கிறேல்லை” என்று தொடங்கினார். அண்ணை சிரித்துச் சிரித்து விளக்கி முடிக்க, தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்ப, வைக்கிற பேர் அழியாதோ?”

“அழியாது.”

“உலகம் முழுக்க அதே பேர்தானோ?”

“ஓம்.”

அன்றிலிருந்து கிழமைக்கொரு கொத்துரொட்டிப் பார்சல் மேல்வீட்டுக்குப் போனது. “தமிழ்ப் பேர் ஒண்டு உலகத்தில நிக்கவேணும் அண்ணை. என்ர பேரை வையுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் என்ர பேரும் தமிழ்ப் பேர்தான்” என்பார். அண்ணை கொத்துரொட்டியை மட்டும் வாங்கிக்கொள்வார். மனிதர் அந்த அளவுக்கு விசயகாரர்தான்.

யூலை மாதம், டென்மார்க் முழுக்க விடுமுறையில் கிடக்கிற நேரம், எக்குவடோரிலிருந்து பார்சல் அண்ணையின் வீட்டு விலாசத்துக்கே வந்தது. என் மகளின் பிறந்தநாள் அன்று, வீடு நிறையச் சனம் நிற்க, மனிதர் வெறுங்காலோடு படியிறங்கி ஓடிவந்தார்.

“வந்திட்டான் பிள்ளை! ஆம்பிளை வந்திட்டான்!”

இந்த முறை மார்த்தா போத்தலில் போடவில்லை. சின்னத் தக்கைத் துண்டில் ஊசி குத்தி, அதன்மேல் கொத்தமல்லி விதையளவில் அந்த இலையான் காய்ந்து நின்றது. “பிள்ளையளும் பாக்கட்டும்” என்று கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பூதக்கண்ணாடி எடுக்க மேலே ஓடினார். என் மகள் “ஃபொய்!” என்று டேனிஷில் அருவருத்துக்கொண்டு கேக்கை இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். கோயிலிலிருந்து நேரே வருகிறார், நெற்றியில் அரை விரல் தடிப்புக்குச் சந்தனம். பார்த்தார் கேக்கை. பார்த்தார் பக்கத்தில் இலையானை.

“பிறந்தநாள் கேக்கில இலையானோ? விடு பிள்ளை, நான் பாக்கிறன்!”

அன்பளிப்பாகக் கொண்டுவந்த சங்க ஆண்டுமலரைச் சுருட்டினார். அட்டையில் அவருடைய படம்தான். நான் எட்டிப் பிடிப்பதற்குள், ‘படார்!’ தக்கை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்.

“ஒரே அடி! ஆள் சரி!” என்று தலைவர் சபையைப் பார்த்தார். கைதட்டலை எதிர்பார்த்திருப்பார் போலும். வாசலில் பூதக்கண்ணாடியோடு அண்ணை நின்றார்.

அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வருசக்கணக்காகக் காத்திருந்த மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

“ஒருத்தரும் அசையாதேங்கோ! பின்பக்கம் மட்டும் கிடைச்சால் காணும்!”

வீடு சிலையாகியது. வாயில் வடையோடு நின்ற என் கணவரை மெல்லக்கூட அவர் விடவில்லை. மெழுகுதிரி உருகிக் கேக்கில் வழிய வழிய, அண்ணை விரிப்பில் நாலு காலில் தவழ்ந்தார். தலை, கிறீமுக்குள் கிடைத்தது. ஒரு செட்டை, ஆண்டுமலரில் தலைவரின் மீசைமேல் ஒட்டியிருந்தது. இரண்டு கால், முறுக்குத் தட்டில். பின்பக்கத்தைக் காணோம்.

“எது காணாமல் போச்சு?” என்று தலைவர் உதடு அசையாமல் கேட்டார்.

“நீங்கள் இவ்வளவு நாளும் கொத்துரொட்டி குடுத்துத் தேடின ஆம்பிளை!” என்று நான் சீறினேன். “அது கிடைக்காட்டி எக்குவடோரில ஒரு மனிசி மழைக்குள்ள நிண்டதெல்லாம் வீண். அவவின்ர பேரைத்தான் அண்ணை வைக்க இருந்தவர்.”

தலைவரின் முகம் வெளுத்தது. ஏச்சைத் தொடர நிமிர்ந்து பார்த்தபோதுதான் கண்டேன். வெளுத்த முகத்தில் மஞ்சள் சந்தனம், சந்தனத்தின் நடுவில் கடுகிலும் சின்னதாய் ஒரு கறுப்பு.

“அண்ணை! தலைவரின்ர நெத்தி!”

தலைவரைக் கதிரையில் இருத்தினார்கள். “மூச்சு விடாதேங்கோ” என்றுவிட்டு அண்ணை பூதக்கண்ணாடியை அவர் நெற்றியில் பிடித்தார். தலைவர் மூச்சுவிடாமல் கண்ணை மேலே செருகிக்கொண்டு கிடந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் அண்ணை வீடு அதிரக் கத்தினார்.

“தப்பீட்டுது! பின்பக்கம் முழுசா இருக்கு! தலை போனால் போகட்டும், தலையில என்ன கிடக்கு!”

அப்படியே தலைவரின் கன்னத்தில் ஒரு கொஞ்சல் கொடுத்தார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை, என்ர பேர் வேண்டாம். அந்த மனிசியின்ர பேரையே வையுங்கோ” என்றார். ஒலிவாங்கி இல்லாமல் அவர் பேசிய மிகச் சிறந்த பேச்சு அது.

புது இனம்தான் என்று உறுதியாகி, மார்த்தாவின் பெயரோடு கட்டுரை அச்சாகியது. நன்றிப் பகுதியில், ‘ஆணின் பின்பகுதியைச் சேதமின்றித் தாங்கி வைத்திருந்தமைக்காக’ என்று தலைவரின் பெயரும் இருந்தது. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சங்க மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிற விருந்தினர் எல்லாருக்கும் தலைவரே விளக்கம் சொல்கிறார்.

கட்டுரையை அனுப்பி வைக்க, மார்த்தாவிடமிருந்து பதில் வந்தது. பேர் வைத்தவர் அந்த இலையானை உயிரோடு பார்க்க வேண்டாமா, வாருங்கள் என்று இரண்டே வரி. நான் சமைத்துக்கொண்டிருக்க, அண்ணை என் குசினிக் கதிரையில் வந்து இருந்தார்.

“பிள்ளை, என்ன சேட் போடுறது?”

“காட்டுக்குப் போற ஆளுக்கு எந்தச் சேட்டெண்டால் என்ன?”

“மார்த்தா விமான நிலையத்துக்கு வாறாவாம்.”

நீலச் சட்டையை நான்தான் அயன் பண்ணிக் கொடுத்தேன். ஒடென்சே ஸ்டேஷனில் சனம் திரண்டு வந்து ரயில் ஏற்றியது. தலைவர் மார்த்தாவுக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார், உள்ளே சந்தனக்கட்டை. ரயில் வெளிக்கிட்ட பிறகும் மனிதர் ஜன்னலால் கை காட்டிக்கொண்டே போனார்.

போன கிழமை எனக்கு ஒரு படம் வந்தது. மழைச் சட்டையோடு அண்ணை. பக்கத்தில் நரைத்த பின்னலோடு ஒரு பெண், இரண்டு பேருக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு. கீழே எழுதியிருந்தார்: “பிள்ளை, இண்டைக்கு அதே இனத்தில உயிரோட ஒரு ஆம்பிளை அம்பிட்டுது. பேர்தான் வைச்சாச்சே. மார்த்தா வலையைத் திறக்க, நான் போக விட்டிட்டன்.”

கோதாரி விழுந்த மனிதர்! ஓர் இலையானுக்காக என்னைக் குசினிக்குள் நின்று அழ வைத்துவிட்டார்.