அவரே கேட்டாலும் கொடுக்காதே

இந்த வீட்டில் இனிமேல் யாரும் யாரையும் நம்பக் கூடாது என்று அலசல் அறிவித்தபோது, வீட்டில் இருந்தது அவரும் அவர் மனைவியும் மட்டும்தான்.

"அப்ப இன்னையிலிருந்து நான் உங்களை நம்ப வேண்டாம். அப்படித்தானே?" என்றாள் அம்மணி, துணி மடித்துக்கொண்டே.

"கரெக்ட்."

"இதுக்கு அறிவிப்பு எதுக்குங்க? பழக்கத்துல இருக்கிறதுதானே."

அலசல் என்பது அவருக்குத் தெரு வைத்த பெயர். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் அந்தக் கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டால் அவரால் எழுந்து ஓட முடியாது. நாட்டு நடப்பை அலச அதைவிடத் தோதான நேரம் ஏது?

"இந்த லென்ஸ் தெளிவா, இதுவா? அமைச்சர் பேர்ல ஒரு போலி வீடியோ வந்துதே, பார்த்தீங்களா? அதே முகம், அதே குரல், அதே இருமல். பெத்த தாயே ஏமாந்துடுவாங்க. போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? அதுல மன்னிப்புக் கேட்டுட்டார்."

கேட்டவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, தேவையில்லாத பவரில் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள். இதே கதையை வீட்டிலும் வாரம் தவறாமல் சொல்வார். அம்மணி காதில் வாங்கிக்கொள்வதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "செய்தியை அலசினது போதும், பக்கெட்ல இருக்கிற துணியை அலசுங்க" என்பதுதான் அவளுடைய வழக்கமான விமர்சனம்.

அம்மணிக்குத் தண்ணீர் இலாகாவில் வேலை. புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலையிலிருந்து மாலை வரை கத்துகிறவர்களிடம் குரல் ஏறாமல், இறங்காமல் பேசிப் பழகியவள். திட்ட வந்தவர்கள் கடைசியில் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்கள். தண்ணீர் மட்டும் வராது.

வம்பு போன மாதம் ஆரம்பித்தது. குரலைத் திருடிப் பேசும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று பேப்பரில் படித்ததும் அலசலுக்குக் கை அரித்தது. ஒரு செயலியை இறக்கி, அதற்குத் தன் குரலைப் பழக்கி, கடையிலிருந்தே அம்மணிக்குப் போன் போட வைத்தார். "நான்தான் பேசுறேன், பெரிய சிக்கல்ல மாட்டிக்கிட்டேன், பேங்க் ரகசிய நம்பரைச் சொல்லு" என்று அவர் குரலில் கம்ப்யூட்டர் அழுதது. அம்மணி பதறியடித்துச் சொல்லிவிட்டாள். சொன்னதோடு விட்டாளா? "சாப்பிட்டீங்களா? எங்க இருக்கீங்க? நான் வரவா?" என்று கம்ப்யூட்டரை வேறு விசாரித்தாள்.

அன்று மாலை அலசல் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னார். அம்மணி சிரிக்கவில்லை.

"உங்க குரல் அழுதுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அது அவ்வளவு பெரிய தப்பா?"

"தப்பு இல்லம்மா, முட்டாள்தனம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

மறுநாளிலிருந்து கடையில் அமைச்சர் கதைக்கு அடுத்தபடி அம்மணி கதை. சொல்லச் சொல்லக் கதைக்குக் கை கால் முளைத்தது. ஒரு வாரத்துக்குள் அம்மணி கம்ப்யூட்டருக்கு டிபன் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டாள். போதாத வேளை, அவளுடைய மேலதிகாரியே கண் பரிசோதனைக்கு வந்து கதை கேட்டுவிட்டுப் போனார். "கம்ப்யூட்டர் சாப்பிட்டுச்சாம்மா?" என்று அவர் கேட்டபோது, புகார்ப் பிரிவே போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. அம்மணிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வீட்டிலோ சட்டம் மேல் சட்டம். போனில் யார் பேசினாலும் ரகசிய வார்த்தை கேட்க வேண்டும். வார்த்தை வாரா வாரம் மாறும். அதில் ஒரு காய்கறி, ஒரு எண், ஒரு குறி இருக்க வேண்டும்.

"பூசணிக்காய், இருபத்தேழு, வியப்புக்குறி," என்று முதல் வார்த்தையை அறிவித்தார் அலசல்.

"போன்ல வியப்புக்குறியை எப்படிங்க சொல்றது?"

"வியப்பாச் சொல்லணும்." கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சேர்த்தார். "முக்கியமானது இதுதான். போனுக்கு வர்ற ரகசிய நம்பரை எவன் கேட்டாலும் கொடுக்காதே. நானே கேட்டாலும் கொடுக்காதே. நான் அழுதாலும் கொடுக்காதே. எங்க, திருப்பிச் சொல்லு?"

"நீங்க அழுதாலும் கொடுக்க மாட்டேன்," என்றாள் அம்மணி. ரொம்பத் தெளிவாகவே சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் அலசலுக்குச் சுக்கிர திசை அடித்தது. ஒரு டி.வி. சேனலின் எல்லாச் செய்திக்கும் கீழே எட்டு வருடமாகக் கருத்து எழுதிவந்தவர் அவர். எழுதுவதை நிறுத்த வேறு வழி தெரியாமலோ என்னவோ, சேனலே அவரை விவாதத்துக்கு அழைத்துவிட்டது. தலைப்பு: குரல் மோசடி, குற்றம் யாருடையது? ஆளுங்கட்சியிலிருந்து ஒருவர், எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர், மக்கள் தரப்பில் அலசல். நேரடி ஒளிபரப்பு.

அவருக்கு இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை. குளியலறையில் ஒத்திகை. வாளியை ஆளுங்கட்சியாகவும் குவளையை எதிர்க்கட்சியாகவும் வைத்துக்கொண்டு கர்ஜித்தார். "எங்கோ போவானேன்? என் மனைவியையே எடுத்துக்கொள்ளுங்கள்!" என்ற முழக்கம் கதவைத் தாண்டி வந்தது.

வெளியே வந்தவரிடம் அம்மணி துண்டை நீட்டினாள்.

"ஏங்க, அந்தக் கதையை மட்டும் விட்டுடுங்க. எங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் பார்ப்பாங்க. எனக்கு அவமானமா இருக்கும்."

"அதுதாம்மா கைத்தட்டு வாங்குற இடமே. நாட்டு நலன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"வீட்டு நலன்?"

"அது உள்ளூர்ச் செய்தி."

"சரிங்க," என்றாள் அம்மணி. புகார்ப் பிரிவில் அந்தச் 'சரிங்க'வைக் கேட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அலசலுக்கு அது தெரியாது.

புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போனை மட்டும் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டார். மறதி இல்லை, திட்டம். ரெண்டு கட்சிக்காரனும் இருக்கிற கட்டடத்துக்குள் போனோடு போனால் ஒட்டுக் கேட்டுவிடுவார்கள் என்பது அவருடைய ஆழ்ந்த கருத்து.

சேனல் வாசலில் காவலாளி கம்ப்யூட்டரைத் தட்டினார். "பேர் இருக்கு சார். உங்க போனுக்கு ஒரு நம்பர் போயிருக்கும். அதைச் சொன்னா சீட்டு அடிச்சுக் கொடுத்துடும். உள்ள போயிடலாம்."

அலசலின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "போன் வீட்ல இருக்குங்க."

"அப்ப வீட்ல கேட்டுச் சொல்லுங்க. நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போகுது." காவலாளி தன் போனையே கொடுத்தார். அது காதில் வைத்தால் கேட்காத போன். சத்தமாகப் போட்டுத்தான் பேச வேண்டும்.

"ஹலோ, நான்தாம்மா."

"நான்தான்னா யாருங்க?"

"ஏய், நான்தான். இது வேற ஆள் போன். மேஜையில என் போன் இருக்கு பாரு, அதுல ஒரு நம்பர் வந்திருக்கும். சட்டுனு சொல்லு."

மறுமுனையில் தண்ணீர் இலாகாவின் குரல் வந்தது. "வணக்கம். ரகசிய வார்த்தையைச் சொல்லுங்க."

"பூசணிக்காய், இருபத்தேழு," என்றவர் நினைவு வந்து வியந்தார். "ஆஹா!"

"அது பழசு."

"முருங்கைக்காய்?"

"அது போன வாரம். இன்னொரு தடவை தப்பாச் சொன்னா அரை மணி நேரம் பேசக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் சட்டம் போட்டிருக்கார்."

"உன் வீட்டுக்காரரே நான்தான்டி!"

"போன மாசம் ஒருத்தரும் இதே குரல்ல இதைத்தாங்க சொன்னார். சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். ஊரே சிரிச்சுது."

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அலசல் குரலைத் தணித்தார். "இதோ பாரும்மா. நம்ம வீட்டு விஷயமா எதையாவது கேளு. நான் சொல்றேன்."

"சரி. எங்க கல்யாண நாள் என்னைக்கு?"

வாழ்க்கையில் முதல் முறையாக அது அவருக்குச் சரியாக ஞாபகம் வந்தது. மாதத்தோடு, கிழமையோடு சொன்னார்.

"கிழமை கூடச் சரியாச் சொல்றீங்களே," என்றாள் அம்மணி வருத்தமாக. "அவருக்குத் தேதியே தெரியாதுங்க. நீங்க எங்கேயோ தகவல் திருடியிருக்கீங்க."

"தயவுசெஞ்சு சொல்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தயவுசெஞ்சா? அவர் வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லையே."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அலசல் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி, நிகழ்ச்சித் தயாரிப்பாளராம், காதில் கருவியும் கையில் காகிதமுமாக ஓடி வந்தார். "மக்கள் தரப்பு எங்கேங்க? நாற்காலி காலியா இருக்கு." காவலாளி உதட்டில் விரல் வைத்து, போனைக் காட்டினார். தயாரிப்பாளரும் நின்று கேட்டார்.

"கடைசியா ஒரு கேள்வி," என்றது போன். "உள்ள போனா என்ன உதாரணம் சொல்லப் போறீங்க?"

அலசலுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வருட எழுத்து, இரண்டு நாள் ஒத்திகை, புதுச் சட்டை எல்லாம் ஒரு பக்கம். அம்மணி கதை மறு பக்கம்.

"சொல்ல மாட்டேன்மா. அந்தக் கதையை எங்கேயும் சொல்ல மாட்டேன், கடையிலகூட. நீ பாவம், என்மேல இருக்கிற பாசத்துல பதறினே. அதை வச்சு நான் சிரிச்சது தப்பு. என்னை மன்னிச்சுடு. நீ சொன்னதுதான் சரி."

அலசல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. தயாரிப்பாளருக்கே மனசு இளகிவிட்டது.

"ஐயா," என்றது போன். "உங்க புகாரைப் பதிவு செஞ்சாச்சு. கூப்பிட்டதுக்கு நன்றி."

டொக்.

அலசல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் அவரைப் பார்க்கவில்லை. "அடேயப்பா. அழுதும் கொடுக்கலையே இந்தம்மா. இவங்கதாங்க நிஜமான மக்கள் தரப்பு," என்று அதே எண்ணுக்கு அவரே கூப்பிட்டார். டி.வி.யிலிருந்து பேசுகிறோம், இப்போதே நேரலையில் வர முடியுமா என்று கேட்டார்.

"டி.வி.தான்னு நான் எப்படி நம்புறது?" என்றாள் அம்மணி. "திரையில கீழே உங்க நம்பர் ஓடுது. அதுக்கு நானே கூப்பிடுறேன். நீங்க வைங்க."

தயாரிப்பாளர் பூரித்துப்போய் உள்ளே ஓடினார். அலசலும் பின்னாலேயே ஓடப் பார்த்தார். காவலாளி குறுக்கே கையை நீட்டினார். "நம்பர் சார்?"

ஆக, வாழ்நாளில் ஒரே முறை கிடைத்த விவாதத்தைக் காவலாளியின் கூண்டுக்குள் இருந்த சின்ன டி.வி.யில்தான் அலசல் பார்த்தார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு கட்டத்தில் போன் படம், பக்கத்தில் 'ஏமாறாத இல்லத்தரசி' என்று பெரிய எழுத்து. அம்மணி நடந்ததைப் பதறாமல் விவரித்தாள். இது எங்கள் ஆட்சியின் விழிப்புணர்வு என்றார் ஆளுங்கட்சிக்காரர். ஆட்சியை நம்பாததால்தான் இந்தம்மா தப்பித்தார் என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

"ரெண்டு பேரும் ஒருத்தர் பேசி முடிச்சதும் ஒருத்தர் பேசுங்க," என்றாள் அம்மணி. "உங்க புகாரை நான் பதிவு செய்ய வேண்டாமா?"

இருவரும் கப்சிப். எட்டு வருடத்தில் அந்தச் சேனலில் நடக்காத அதிசயம்.

நெறியாளர் முன்னால் சாய்ந்தார். "அம்மா, அதே குரல், அதே பேச்சு. வீட்டு விஷயமெல்லாம் சரியாச் சொல்லியிருக்கார். அப்படியும் அது உங்க கணவர் இல்லைன்னு எந்த இடத்துல உறுதியாத் தெரிஞ்சுது?"

"மன்னிப்புக் கேட்டார் சார்."

ஸ்டுடியோ அதிர்ந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகக் கைத்தட்டின. காவலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு அலசலை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மேஜை மேல் இருந்த தன் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து பாட்டு ஓடும்போது அந்தப் பைக்குள் குறுஞ்செய்தி மணி அடித்தது. காவலாளி எடுத்துப் பார்த்தார். "உங்களுக்குத்தான் போலிருக்கு சார்," என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நம்பர் ஆறு, மூணு, எட்டு, ஒண்ணு. யாருக்கும் சொல்லிடாதீங்க."