ஊக்கு போட்ட பேண்ட் கால்

மேனேஜர் இருந்தார். ஷிப்ட் சூப்பர்வைசர் இருந்தார். பதினொண்ணு இருந்தான். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா கட்டைப்பையோடு இருந்தாள். பக்கத்து மிஷின்காரன் என்பதால் சாட்சிக்கு நான் இருந்தேன். எல்லோரும் ஒரு முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் வலி வர வேண்டும். ஷிப்ட் முடிவதற்குள் வர வேண்டும். வராவிட்டால் அவன் வேலை காலி.

அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கத் தேடினாலும் பதினொண்ணு மாதிரி ஒரு கூச்சல்காரன் கிடைக்க மாட்டான். மீன்காரம்மா கூட விற்று முடித்ததும் வாயை மூடிவிடும். இவன் மூட மாட்டான்.

மண்ணூர்பேட்டைப் பக்கம், இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தியெடுக்கிற எங்கள் பிரஸ் ஷாப். ஒருநாள் இரும்பு அச்சு சரிந்து அவன் இடது முழங்காலில் விழுந்தது. ஆபரேஷன் செய்தார்கள். தையல் ஆறியது. மற்றவன் என்றால் அதோடு விட்டிருப்பான். இவன் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தான். எரியுது என்றான். கரண்ட் அடிக்குது என்றான்.

பிசியோதெரபிக்குப் போன இடத்தில் பயிற்சி கொடுக்கிற பெண் கேட்டிருக்கிறாள்.

"பத்துக்கு எவ்ளோண்ணா வலி?"

"பதினொண்ணு."

"பத்து வரைக்கும்தாண்ணா கீது."

"அது உன் கணக்கு."

பெயர் அப்படி வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

துணி பட்டால் தாங்காது என்று எல்லாப் பேண்ட்டிலும் இடது காலை முட்டிக்கு மேலே வெட்டிவிட்டான். வலது கால் முழுசு, இடது கால் அரை. வேலைக்கு அப்படியே வருவான். கிறிஸ்துமஸ் பூசைக்கும் அப்படியே போனான். மச்சினன் கல்யாண போட்டோவிலும் அப்படியே நிற்கிறான். வெட்டிய கால்களை ஸ்டெல்லா மடித்து வைத்திருந்தாள். சரியானதும் தைத்துக்கொள்ளலாமாம்.

ஒருநாள் திருவேற்காடு ஷேர் ஆட்டோவில் ஒரு பெண்ணின் துப்பட்டா பறந்து அவன் முட்டியில் பட்டது. இவன் போட்ட கூச்சலில், டயர் வெடித்துவிட்டது என்று டிரைவர் இறங்கிப் பார்த்தான்.

கத்திரி வெயிலில் கேன்டீன் ஃபேனை நிறுத்துவான். காற்று முட்டியில் குத்துகிறதாம். சாப்பிடுகிறவர்களுக்கு வேர்வை சாம்பாரில் சொட்டும்.

"மூடிக்கினு சாப்டுடா" என்பேன். அதற்கு மேல் நான் பேசியதில்லை. அவனுக்கு அது போதாது.

"மாமே, உனுக்கு வந்தா தெரியும். உள்ள எறும்பு ஓடுது. நெருப்பு எறும்பு."

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை என்றார். ஸ்கேனும் சுத்தம். நடிப்பு என்று சூப்பர்வைசர் முடிவு கட்டினார். பிரஸ் பெடலை மிதிக்க வேண்டியது அந்தக் கால்தான். மேனேஜர் ஒரு தேதி சொல்லிக் கெடு வைத்தார். அன்றைக்குள் டாக்டர் லெட்டர் கொண்டு வா, இல்லை பெடலை மிதி, ரெண்டும் முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

பூந்தமல்லியில் வலிக்கென்றே ஒரு டாக்டர் இருப்பதாக ஸ்டெல்லா விசாரித்து வைத்திருந்தாள். கெடு முடிகிற நாள் காலையில் போனோம். நடிக்கிறானா என்று பார்த்து வரச் சொல்லி சூப்பர்வைசர் என்னையும் அனுப்பினார்.

அந்த டாக்டர் எக்ஸ்ரே கவரைத் திறக்கவே இல்லை. பஞ்சால் முட்டியைச் சுற்றித் தடவினார். மரத்துப்போன இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டார். பிறகு தழும்பு ஓரமாக ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் இவன் எகிறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"இங்கதான்" என்றார் டாக்டர். "தோலுக்குப் போற சின்ன நரம்பு. ஆபரேஷன்ல அறுந்திருக்கும், இல்ல தழும்புல மாட்டியிருக்கும். எக்ஸ்ரேல தெரியாது. இந்த இடத்துல மட்டும் மரத்துப்போற ஊசி போடறேன். வலி நின்னு, மருந்து எறங்கினதும் திரும்ப வந்தா நரம்புதான். வந்ததும் போன் பண்ணுங்க, லெட்டர் தரேன்."

ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இவன் முட்டியைத் தொட்டான். தேய்த்தான். தட்டினான். கத்தவில்லை.

"ஸ்டெல்லா, அந்தக் கால எடு."

பையிலிருந்து பேண்ட் காலை எடுத்து, சுற்றிலும் ஊக்கு குத்தி மாட்டிவிட்டாள். முழு பேண்ட்டோடு வெளியே வந்தான். என் பைக் வேண்டாம் என்று ஷேர் ஆட்டோவில் நடுவில் நெருக்கி உட்கார்ந்து வந்தான். "இடிச்சிக்கினே ஒக்காருங்கம்மா, பரவால்ல" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னானாம். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். அறிவுள்ளவன் ஊட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். இவன் நேராக மேனேஜர் ரூமுக்குள் ஜோராக நடந்து போனான்.

மேனேஜர் சிரித்தார். "ஒரே ஊசில சரியாப் போச்சா? அப்ப நாளைக்கு பிரஸ்ல நில்லு."

"இல்ல சார், திரும்ப வரும்னு டாக்டர் சொல்லிகிறாரு" என்றாள் ஸ்டெல்லா.

"வரட்டும். ஷிப்ட் முடியறதுக்குள்ள வரட்டும். பாத்துடலாம்."

மேனேஜர் படித்தவர். அவர் அறிவு அவ்வளவுதான். உட்கார்ந்தோம்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதாவிடம் எதிரெதிராக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், உனுக்கு இன்னாடி பைத்தியமா? வலி வரணும்னு வேண்டிக்கற?"

"வலி வந்தா வைத்தியம் பாக்கலாம். வேல பூட்டா இன்னாத்த பாக்கறது?"

"ஒருநா நல்லா கீறேன். அது பொறுக்கல உனுக்கு."

"வாய மூடிக்கினு ஒக்காரு நைனா. புள்ளைங்களுக்கு பீஸ் கட்டணும்."

சூப்பர்வைசர் கொட்டாவி விட்டார். "வந்தா மட்டும் எப்படி சார் தெரியும்? கத்துவான். அவன்தான் தெனம் கத்தறானே."

அதுவும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. இத்தனை மாதம் கத்தியே கெடுத்துக்கொண்டவன். இனி நிஜமாகச் செத்தாலும் நம்ப ஆளில்லை.

சங்கு ஊதுகிற நேரம் நெருங்கியது. பதினொண்ணு ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தினான். குனிந்தான். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பேண்ட் காலை மடித்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தான். அவள் வாங்கிப் பையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ஃபேனை ஒருதரம் அண்ணாந்து பார்த்தான். நிறுத்தச் சொல்லவில்லை.

"வந்துடுச்சா?" என்றார் மேனேஜர்.

தலையை ஆட்டினான்.

"பத்துக்கு எவ்ளோ?"

நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன்.

"ஏழு சார்."

மெதுவாகச் சொன்னான். சூப்பர்வைசர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். மேனேஜர் டாக்டருக்குப் போன் போட்டார்.

லெட்டர் வந்தது. ஸ்டோரில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். மாத்திரை, அதே இடத்தில் இன்னும் சில ஊசி. தோல் பழகுவதற்காக ஸ்டெல்லா தினம் தடவிவிட்டாள். முதலில் பஞ்சு, அப்புறம் வேட்டித் துணி, அப்புறம் துண்டு, கடைசியில் கோணி. கோணி வந்த வாரம் அவர்கள் தெருவில் யாரும் டிவி பார்க்கவில்லை. பார்த்தாலும் கேட்டிருக்காது. மாதக்கணக்கில் இழுத்தது. வலி இறங்கியது.

இப்போது எல்லாப் பேண்ட்டுக்கும் கால் இருக்கிறது. கறுப்பு பேண்ட்டில் சிவப்பு நூல் தையல். அதைக் காட்டிக்கொண்டே திரிகிறான். சாம்பாரில் உப்பு பதினொண்ணு, வெயில் பதினொண்ணு. முட்டியைக் கேட்டால் மட்டும், "சைபர் மாமே" என்கிறான்.

பொய். ஷிப்ட் விட்டதும் கேட்டில் கூட்டம் முட்டும். யாரும் இடிக்காமல் அவன் இடது பக்கம் நான்தான் நடக்கிறேன். நடையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

இரண்டு.