பிரமிடுக்கு அடியில் இன்சுலின்

டூசான் நகரத்தில் பிரமிடு வடிவத்தில் ஒரு கட்டடம். வங்கிக்காகக் கட்டியது, இரண்டே வருடத்தில் காலியானது. 1976 ஜூன் மாதம் அதில் டாக்டர் பெல்மோர் குடியேறினார். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களின் வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசையில் முதல் ஆள் அடியேன்.

நான் ஒஹாயோவில் முப்பது வருடம் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையை விடும்போது மூளையையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மேடையில் ஒரு தட்டு, தட்டில் மாட்டிறைச்சித் துண்டு.

"நாப்பது நாளாச்சு! புழு இல்ல, நாத்தம் இல்ல!" என்று முழங்கினார் பெல்மோர். "பிரமிடு சக்தி கல்லு, இரும்பு, கண்ணாடி எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டுப் போகும்!"

மழை ஊர்களை விட்டு வெயில் காய வந்த கூட்டம் நாங்கள். எங்கள் ஊரில் இப்படி வைத்தால் மூன்றாம் நாள் தெருவே காலியாகிவிடும். வாயைப் பிளந்தோம்.

கம்பியில் செய்த வீட்டுப் பிரமிடு ஒன்றை வாங்கி வந்தேன். என் மனைவி லொரேட்டாவுக்கு நீரிழிவு. அவளுடைய இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் கொளுத்தும் ஜன்னலோரம், அந்தப் பிரமிடுக்கு அடியில் வைத்தேன்.

"ஏங்க, நிச்சயமாத் தெரியுமா?" என்றாள்.

"எனக்குத் தெரியாததா!" என்றேன். தெரியாததுதான்.

பதினைந்தாம் நாள் ஓயாமல் தண்ணீர் குடித்தாள். பிறகு சமையலறையிலேயே சுருண்டு விழுந்தாள். பக்கத்து வீட்டு ஒஃபேலியாதான் தன் காரில் ஏற்றி மருத்துவமனைக்குப் பறந்தார். மருந்து சூட்டில் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். நானோ பிரமிடை வடக்குப் பார்த்து வைக்கவில்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"யோவ் வெண்டெல், இன்னும் நாலு நாள்ல, ஞாயித்துக்கிழமை, அவ வீட்டுக்கு வர்றா. மருந்தை எங்க வைப்பே?" என்று என்னைக் கேட்டார் ஒஃபேலியா.

"வடக்குப் பாத்து..."

"வாயை மூடு. நட!"

ஒஃபேலியா தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர். இறைச்சியை மெல்லிசாகச் சீவி, மொட்டைமாடியில் கம்பிக்கூண்டுக்குள் காயப்போட்டு விற்பவர். நேராக மேடைக்குப் போனார்.

"டாக்டரே, ஒரே மாட்டோட மூணு துண்டு. ஒண்ணு உங்க தட்டுல. ஒண்ணு என் மாடியில, தட்டையான கூண்டுல. மூணாவது இந்தக் கண்ணாடிப் பெட்டியில, ஒரு கிண்ணம் தண்ணியோட, உங்க பிரமிடு நடுவுலயே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். கண்ணாடி தடுக்காதுல்ல?"

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எதுவும் தடுக்காதும்மா!" என்றார் பெல்மோர். ஒஃபேலியா பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

ஞாயிறு காலை. தட்டுத் துண்டையும் மாடித் துண்டையும் ஒஃபேலியா பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது எதுவென்று பெல்மோருக்கே தெரியவில்லை. பிறகு நான் பெட்டியைத் திறந்தேன். முதல் வரிசை கைக்குட்டையைத் தேடியது. இரண்டாம் வரிசை கதவைத் தேடியது.

"இது பாலைவனம்யா! காத்து ஈரத்தை உறிஞ்சிடும். ஈரம் போனா எதுவும் அழுகாது. என் மாடியிலயும் காயும், இந்த வெண்டெல் தொப்பிக்குள்ளயும் காயும். ஈரம் இருந்தா உங்க பிரமிடுக்குள்ளயும் நாறும்."

"அன்னைக்குக் கிரகநிலை..." என்று ஆரம்பித்தார் பெல்மோர். கூட்டம் சிரித்த சிரிப்பில் பின்வாசல் வழியாகப் போனவர்தான். வெளியே வரும்போது ஒருவர் என் காதைக் கடித்தார்: "ஊர்க்கோடியில உருண்டையா ஒண்ணு கட்டுறாங்களே, அதுல சக்தி இருக்குமோ?" ஒரு நொடி நானும் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மருத்துவமனையில் லொரேட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அந்த ஆள் நம்மள ஏமாத்திட்டான்டி."

"அந்த ஆள் என் மருந்தைத் தொடவே இல்லீங்க," என்றாள். "எடுத்து வெயில்ல வெச்சது நீங்க. அதைக் குத்திக்கிட்டது நான். நீங்க தெரியும்னு சொன்னதும், எப்படித் தெரியும்னு நான் கேக்கலையே. அந்த ஒரு கேள்வி கேக்காததுக்கு உசிரே போகப் பாத்துச்சு."