பூத்ததற்கு ஆதாரம்

உலகத்தைக் குளிரவைக்கும் பொறுப்பைப் புதுச்சேரியில், தட்டாஞ்சாவடிப் பட்டறைகளுக்குப் பின்னால், ஒரு கட்டடம் ஏற்றிருக்கிறது. உலகத்துக்கு இச்செய்தி இன்னும் எட்டவில்லை. உள்ளே நுழைபவர்களுக்கு உடனே புரியும். ஏசி எப்போதும் பதினெட்டில் இருக்கும். உலர்ந்த இலைகளுக்குப் புழுக்கம் ஆகாது.

அந்த 'வனவளக் காலநிலை ஆய்வு நிறுவன'த்தில் இலைகளை அட்டையில் ஒட்டுவது என் பணி. உயிரோடிருக்கும் செடியை யார் வேண்டுமானாலும் காப்பாற்றலாம். செத்த செடியைக் காப்பாற்றத்தான் பெரிய படிப்பு வேண்டும்.

2007 பங்குனியில், சேதராப்பட்டு தாண்டி ஒரு கோயில் காட்டில் அபூர்வ மரமொன்று பூத்தது. இந்தப் பக்கத்தில் அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதற்குமுன் அது பூத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஆய்வு மாணவி, உப்பளத்து ஜாஸ்லின், அதைக் கண்டுபிடித்தாள். காய்க்கட்டும், விதை எடுத்து நாற்று விடலாம் என்று காத்திருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இயக்குநரிடம் சொல்லிவிட்டாள்.

இயக்குநர் டாக்டர் சக்கரபாணி உடனே 'அவசரப் பாதுகாப்புக் குழு' அமைத்தார். பாதுகாப்புக் கருவிகளாக ஏணி, கத்தரி, சாக்குப்பை ஆகியவற்றுடன் குழு அவர் தலைமையில் ஜீப்பில் புறப்பட்டது.

அய்யனார் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி வழிமறித்தாள்.

"இந்தக் காட்டுல குச்சி ஒடிக்கக் கூடாது சார். அடுப்புக்குக்கூட நாங்க எடுக்க மாட்டோம்."

"நாங்க ஒடிக்கலம்மா. மாதிரி சேகரிக்கிறோம்," என்றார் இயக்குநர்.

"கையில கத்தரி வெச்சிருக்கீங்களே?"

"இது விஞ்ஞானக் கத்தரி."

அவள் அய்யனாரைப் பார்த்தாள். அரிவாளோடு இருந்தும் அவர் தலையிடவில்லை. விஞ்ஞானம் என்றால் அவருக்கும் மரியாதைதான்.

எங்கள் துறையில் ஒரு மரபு உண்டு. பூ இல்லாத கிளை ஆதாரமாகாது. எடுத்ததை நாமே வைத்துக்கொள்வதும் பண்பாகாது. மற்ற நிறுவனங்களுக்கும் ஆளுக்கொரு கிளை அனுப்ப வேண்டும்.

"ஒரு கிளை போதும் சார்," என்றாள் ஜாஸ்லின்.

"கல்கத்தாவுக்கு?"

"சரி சார், ரெண்டு."

"கோயம்புத்தூர்க்காரங்க போன வருஷம் நமக்குப் பாசி அனுப்புனாங்க. மொய்ய திருப்பி வெக்க வேணாமா?"

"சார், பூவ விட்டாத்தான் காய்க்கும். எனக்கு விதை வேணும். மரமே இது ஒண்ணுதான் சார்!"

"அதனாலதாம்மா அவசரம். இருக்கறப்பவே எடுத்துடணும். யோவ், ஏணிய இந்தப் பக்கம் போடு. அந்த உச்சிக் கிளை பாரிசுக்கு."

மாலைக்குள் மரம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது.

வைகாசியில் ஜாஸ்லின் போய்ப் பார்த்தாள். காய் ஒன்றுகூட இல்லை. மொட்டையடித்த கிளைகள் அக்னி நட்சத்திரத்தில் பட்டுப்போயிருந்தன. நாற்றுக்கு வாங்கிவைத்திருந்த பைகளை அவள் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். அறிக்கையில் காரணம் எழுதும் சிரமத்தை இயக்குநர் அவளுக்கு வைக்கவில்லை. 'காலநிலை மாற்றம்' என்று தாமே எழுதிக்கொண்டார்.

கடற்கரைச் சாலை ஓட்டலில் பன்னாட்டுக் கருத்தரங்கு. மரத்தின் சோகத்தை இயக்குநர் படம் போட்டுக் காட்டினார். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா கைக்குட்டையை எடுத்தார். ஒரு பேராசிரியர் மட்டும் எழுந்து, அந்த மரம் இந்த வருஷம் பூத்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

இயக்குநர் நிமிர்ந்தார்.

"பூத்த பூ முழுவதும் எங்கள் பீரோ தொடங்கி பாரிஸ் பீரோ வரை பத்திரமாக இருக்கிறது. ஒன்றைக்கூடக் கீழே விழவிடவில்லை."

அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டல் ஓயும்வரை பின்வரிசையில் ஜாஸ்லின் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்தக் காலநிலை மாற்றம் நம்ம ஜீப்புலதான் சார் வந்துச்சு."