ஒச்சப்பன் ஹாம்பர்க் நகரில் குடியேறிய படலம்

சேவுகம்பட்டியில் ஒரு மல்லிகைத் தோட்டமும், அத்தோட்டத்தில் ஒரு கிணறும், அக்கிணற்றில் ஒரு மின்மோட்டாரும் உடையவராய், பழனியாண்டவனிடம் பக்தியும் அரசாங்கக் கடிதங்களிடம் அச்சமும் கொண்டு வாழ்ந்து வந்த ஒச்சப்பன் என்பவர், தம் ஊரை விட்டு ஓரடியும் நகராமல் ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் துறைமுக நகரில் குடியேறினார். உடம்போடு கயிலை சென்ற அடியார்களைப் பற்றிப் பெரியோர் பாடியிருக்கின்றனர். உடம்பை ஊரிலேயே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கடல் கடத்தியவரைப் பற்றி இதுவரை யாரும் பாடவில்லை. அக்குறையை இவ்வரலாறு நீக்கும்.

அது நிகழ்ந்த விதம் மிக எளியது. அவருடைய மகன் முகேஷ்குமாருக்கு ஹாம்பர்க்கில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்தது. மனைவி யுவராணியுடன் அங்கே சென்றான். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலையில் சூடிக்கொண்டு காலம் தள்ளுகிறோம். பாஸ்போர்ட்டிலோ இரண்டாவது கட்டம் ஒன்று வெறுமையாய்க் கிடந்து வாய் பிளக்கிறது. அதன் பசியை ஆற்றத் தகப்பன் பெயரை முழுமையாக இட்டு நிரப்புகிறோம். அவ்வளவுதான், ஜெர்மனி தேசத்தில் அதுவே மனிதனின் பெயராகிவிடுகிறது.

அந்நகரத்து அடுக்கு வீடுகளில் வீட்டுக்கு எண் கிடையாது. வாசலில் உள்ள அழைப்புமணிப் பலகையில் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் மணியை அழுத்த வேண்டும். ஆகவே வீட்டுக்காரர் ஒரு பித்தளைத் தகட்டில் ‘ஒச்சப்பன்’ என்றும், அதன் கீழே யுவராணியின் தகப்பனாரான குஜிலியம்பாறை ‘பொன்னழகு’ என்றும் பொறித்து வைத்தார். அவ்வீட்டில் குடியிருந்த இருவர் பெயரும் பலகையில் இல்லை. பலகையில் இருந்த இருவரும் அவ்வீட்டைக் கண்டதில்லை. ஆயினும் தபால் ஒழுங்காக வந்தது.

முகேஷ்குமார் அப்பலகையைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஊரே கைகூப்பும் பொம்மைகளை அனுப்பி வாழ்த்தியது. ஒச்சப்பனின் மனைவி சொர்ணலட்சுமி மட்டும், “இங்க நம்ம வாசல்ல கரண்டு பில்லு நம்பரத் தவிர ஒரு எழுத்து கெடையாது. அங்க பித்தாளையில பேரா? இருக்க எடத்துல மதிப்பு இல்லாத ஆளுக்கு இல்லாத எடத்துல மதிப்பப் பாருங்க” என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னதை விதி குறித்துக்கொண்டது.

அக்காலத்தில் திண்டுக்கல்லில் ‘இருப்பிட மெய்ப்பிப்புத் தனிப்பிரிவு’ என்றொரு அலுவலகம் புதிதாய்த் திறக்கப்பட்டிருந்தது. யார் எங்கே இருக்கிறார் என்பதை அவரவர்க்கே தெரிவிப்பது அதன் திருப்பணி. தனி அலுவலர் கண்ணன் என்பவர் அதன் மூலவர். அவருக்கு ஜீப் தரப்படவில்லையாதலால், ஊர் ஊராய் உள்ள வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்து, நாற்காலியில் அமர்ந்தவாறே கள ஆய்வு நடத்தி வந்தார். பலகைப் படம் அவர் திருக்கண்ணில் பட்டது.

அடுத்த வாரம், ‘திரு. ஒச்சப்பன் என்பார் ஹாம்பர்க்கில் குடியேறிவிட்டமை ஆதாரத்துடன் மெய்ப்பிக்கப்பட்டமையால், அன்னாரது தோட்டத்து மோட்டார் இணைப்பு துண்டிக்கப்படுகிறது’ என்று ஒரு கடிதம் வந்தது. கடிதத்தின் பின்னாலேயே ஓர் ஆள் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். சித்திரை வெயில். மல்லிகை மொட்டு வைக்கும் பருவம். கிணற்றில் நீர் இருந்தது. மேலே ஏற வழியில்லை.

ஒச்சப்பன் வெள்ளை வேட்டி உடுத்து, திருநீறு பூசி, திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார்.

“சார், நாந்தான் ஒச்சப்பன். இந்தா நிக்கிறேன்.”

கண்ணன் அன்போடு தலை நிமிர்ந்தார். “வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?”

“இப்பத்தான் சார், காலைல.”

“ஹாம்பர்க்லருந்தா?”

“வத்தலக்குண்டு பஸ்ல சார்.”

“அப்ப வழியில வத்தலக்குண்டுல எறங்கிட்டு வாரீங்க.”

“சார், நான் அந்த ஊருக்கே போனதில்ல. அது என் மகன் வீடு.”

“மகன் பேரு?”

“முகேஷ்குமாரு.”

“பலகையில அப்படி ஒரு பேரு இல்லையே. ஒச்சப்பன்னுதான இருக்கு? ஜெர்மன்காரன் தப்பா எழுதுவானா?”

ஜெர்மன்காரன் தவறு செய்வான் என்று சொல்லத் துணிந்தவர் திண்டுக்கல் சீமையிலேயே கிடையாது.

“ஆனா நான் இங்க நிக்கிறேனே சார்!”

“நிக்கிறத நான் மறுக்கல. அது வருகை. நான் கேக்குறது இருப்பு. வருகை வேற, இருப்பு வேற. திருவிழாவுல சாமி தெருவுக்கு வாராரு. தெருவுல பாத்தோம்ங்கிறதுக்காக அவரு விலாசத்த மெயின் ரோடுன்னு எழுத முடியுமா?”

சாமியை முன்னிறுத்தியதும் ஒச்சப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வழக்கில் பாதி அங்கேயே தோற்றது.

“அப்ப நான் என்ன செய்யணும் சார்?”

“ஹாம்பர்க்ல குடியிருப்ப முடிச்சிட்டேன்னு அந்த ஊர் ஆபீஸ்ல ஒரு விடுகைச் சான்று தருவாங்க. அதைக் கொண்டாங்க. ஃபியூஸ் கட்டை தானா வந்து சேரும்.”

ஹாம்பர்க்கில் முகேஷ்குமார் அச்சான்றைத் தேடிப் புறப்பட்டான். அந்நகரில் எந்த அலுவலகத்துக்குள்ளும் நினைத்தபோது நுழைய இயலாது, முன்பதிவு வேண்டும். முன்பதிவோ மாலும் அயனும் தேடிக் காணாத பொருள். நள்ளிரவிலும் கணினி முன் தவமிருந்து, யாரோ ஒரு புண்ணியவான் கைவிட்ட நேரத்தை அவன் பற்றிக்கொண்டான்.

அங்கிருந்த அதிகாரி அம்மையார் கோயில் மணி போல் தெளிவாகப் பேசினார்.

“ஒச்சப்பன் இந்நகரை விட்டுச் செல்கிறாரா?”

“அவர் இங்கே வந்ததே இல்லை, அம்மா.”

“வராதவர் எப்படிச் செல்வார்? முதலில் அவர் வர வேண்டும். வந்ததைப் பதிய வேண்டும். அதன்பின் மகிழ்ச்சியாகச் செல்லலாம்.”

“ஒச்சப்பன் வெளியேறினார் என்று மட்டும் ஒரு தாள் தந்தால் போதும்.”

“தாராளமாக. எங்கள் பதிவில் ஒச்சப்பன் என்பவர் நீங்கள். எந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்கிறீர்கள்?”

முகேஷ்குமார் வணங்கி வெளியேறி ஊருக்குப் போன் செய்தான். “அப்பா, நீங்க இங்க வந்து, வந்துட்டேன்னு எழுதி, போறேன்னு எழுதி, தாள வாங்கிட்டுப் போனாத்தான் உண்டு.”

“ஏலே, நான் வராத ஊருலருந்து போறதுக்கு, அங்க வரணுமா?”

“சட்டம் அப்பிடித்தான்ப்பா இருக்கு.”

பக்கத்திலிருந்த சொர்ணலட்சுமி, “போயிட்டு வாங்க. செடிக்கு நான் கொடத்துல மொண்டு ஊத்துறேன். வெரசா வந்தீகன்னா பாதித் தோட்டமாவது மிஞ்சும். அங்கயே பித்தாளப் பலகையப் பாத்து மயங்கிறாதீக” என்றாள். சொல்லிக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

ஒச்சப்பன் ஹாம்பர்க்கில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. இருந்த நாளெல்லாம் தூறியது. சூரிய பகவான் அந்நகரில் தற்காலிக ஊழியராகப் பணிபுரிவதாக அவருக்குத் தோன்றிற்று. மானுக்கும் மயிலுக்கும் பதிலாக எல்பா ஆற்றங்கரையில் ராட்சதப் பளுதூக்கி எந்திரங்கள் கழுத்தை நீட்டி நின்றன. காலையிலும் மாலையிலும் எதிர்ப்பட்டவரெல்லாம் வணக்கத்துக்கு ‘மொய்ன்’ என்றனர். ஐந்தெழுத்தினும் சுருக்கமான மந்திரம் என்று வியந்து, அவரும் நெற்றியில் நீறு துலங்க ‘மொய்ன்’ என்றார்.

புலம்பெயர்ந்த நம்மவர் அங்கே அடையும் பேறுகள் நான்கு என்று மகன் வழியே அறிந்தார். விசா கிடைத்து அவ்வுலகில் நுழைவது சாலோகம். விலாசத்தைப் பதிவது சாமீபம். மழைச்சட்டை அணிந்து, குப்பையை இனம் பிரித்து, அந்நாட்டார் வடிவையே அடைவது சாரூபம். நிரந்தரக் குடியுரிமை பெற்று, ஊரில் இருப்போரிடம் “உங்க ஊர்ல எல்லாம் ஒரே சத்தம்” என்று சொல்லும் நிலையே சாயுச்சியம். முகேஷ்குமார் சாரூபத்தில் இருந்தான். தேநீர்ப் பையின் தேயிலையை ஒரு தொட்டியிலும் அதன் காகிதச் சீட்டை வேறொரு தொட்டியிலும் இட்டான். வண்டியே இல்லாத சாலையில் சிவப்பு விளக்கு அணையும்வரை மழையில் நின்றான்.

“ஒரு வண்டியக் காணோமேப்பா. கடந்துருவமே?”

“கூடாதுப்பா. அந்தப் பக்கம் ஒரு பிள்ள நிக்கிது. பாத்துக் கெட்டுப்போயிரும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசத்துக்குப் பூண்டு தட்டலாமென்று ஒச்சப்பன் சிறு உரலை எடுத்தார். நாலு தட்டுத்தான் தட்டியிருப்பார்; அழைப்புமணி ஒலித்தது. கீழ்வீட்டு முதியவர் நின்றார்.

“திரு. ஒச்சப்பன்?”

பலகையும் ஆளும் முதன்முறையாகப் பொருந்திய அந்த நொடியில் ஒச்சப்பன் பூரித்து, “நாந்தான், நாந்தான்!” என்று தமிழிலேயே கூவினார்.

முதியவர் உதட்டில் விரலை வைத்தார். ஞாயிறு அமைதி நாள் என்றும், ஓசை எழும் காரியங்களைத் திங்கள் முதல் செய்யலாம் என்றும், பேச வேண்டுமானால் அடுத்த மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு காப்பி அருந்தலாம் என்றும் யுவராணி மொழிபெயர்த்துச் சொன்னாள். அன்று ரசம் தட்டாத பூண்டோடு கொதித்தது.

பதிவு நாள் வந்தது. அதிகாரி அம்மையார் ஒச்சப்பனின் பாஸ்போர்ட்டைப் பிரித்தார். அதிலும் இரண்டாவது கட்டம் இருந்தது. அதன் பசிக்கு ஒச்சப்பன் தம் தகப்பன் பெயரை இட்டிருந்தார்.

“ஹாம்பர்க் உங்களை வரவேற்கிறது, திரு. மாயாண்டி.”

ஒச்சப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தார். “எங்கய்யாவா? அவரு செத்து எம்புட்டு வருசமாச்சு!”

“கம்முன்னு இருங்கப்பா. உங்களத்தான் சொல்றாக.”

வீட்டுக்காரர் கடமை தவறாதவர். மாலைக்குள் பலகையில் மூன்றாவது தகடு ஏறியது: மாயாண்டி. ஒச்சப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்று கும்பிட்டார். “அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணியும் விட்டுத்தான் அய்யா பேரச் சொல்லுவோம். இந்த ஊர்ல வாசல்லயே எழுதி வச்சிட்டாகளே” என்று கண் கலங்கினார். இவர்கள் அரசுமுறைப்படி முன்னோரை வழிபடும் பெருங்குடியினர் என்றே அவர் கடைசிவரை நம்பினார்.

சில வாரம் கழித்து வெளியேற்றமும் பதிவாகி, முத்திரையிட்ட சான்றுடன் ஊர் வந்து சேர்ந்தார். தோட்டத்தில் கிணற்றை ஒட்டிய நாலு பாத்தி மட்டும் பச்சையாய் இருந்தது. சொர்ணலட்சுமியின் இடுப்பில் குடத்தின் தழும்பு இருந்தது. அவர் பையை இறக்காமலே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார்.

கண்ணன் சான்றை இருமுறை படித்தார். “ஒச்சப்பன் வெளியேறினதா இதுல இல்லையே. மாயாண்டிதான் ஊர் திரும்பியிருக்காரு.”

“அது எங்கய்யா பேரு சார். அவரு எறந்துட்டாரு.”

“இறப்புச் சான்று?”

“அந்தக் காலத்துல யாரு சார் அதெல்லாம் வாங்குனா?”

“அப்ப எறக்கல. போன வாரம் ஹாம்பர்க்லருந்து கெளம்பியிருக்காருன்னு முத்திரையோட இருக்கு. ஜெர்மன்காரன் தப்பா எழுதுவானா?” என்றவர், மோட்டார் இணைப்புக் கோப்பை வரவழைத்துப் புரட்டினார். அவர் முகம் தாமரையாய் மலர்ந்தது. “அட, இணைப்பே மாயாண்டி பேர்லதான இருக்கு! உரியவரே வந்துட்டாரே!”

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கும்போது எவரும் பார்க்காத அப்பெயரை, மாட்டும்போதுதான் பார்த்தார்கள்.

“அப்ப நான் சார்?”

“நீங்க ஹாம்பர்க்ல சௌக்கியமா இருங்க.”

மோட்டார் ஓடியது. மல்லிகை துளிர்த்தது. ஒச்சப்பன் சட்டப்படி எல்பா ஆற்றங்கரையில் இருந்துகொண்டே வாய்க்கால் வெட்டினார்.

கண்ணனின் திருப்பணி அத்தோடு நிற்கவில்லை. சிங்கப்பூர், துபாய், டொரண்டோ என்று பிள்ளைகள் பரவியிருந்த வீடுகளின் தகப்பன்மார் அனைவரையும் அந்தந்த நாடுகளில் குடியேற்றினார். சேவுகம்பட்டியில் பிள்ளையை அனுப்பாத வீடு ஏது? டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிய அத்தனை பேரும் வெளிநாட்டில் இருந்தார்கள்.

அவ்வேளையில் கண்ணனின் ஒரே மகள் தமிழ்மதி மேற்படிப்புக்காக ஹாம்பர்க் சென்றாள். அழைப்புமணிப் பலகையில் ‘கண்ணன்’ என்று பளபளத்த படத்தை அனுப்பினாள். பெற்ற மனம் தாங்குமா? கண்ணன் அதை ஊரறிய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அவருடைய மேலதிகாரிக்கும் ஜீப் கிடையாது.

கண்ணனின் கையெழுத்து அதிகாரம் நிறுத்தப்பட்டது. அவர் இங்கேதான் இருக்கிறார் என்று, மெய்ப்பிக்கப்பட்ட குடியிருப்பாளர் ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவரும் அவரே. பட்டியலை விரல் வைத்துத் தேடினார். தம் கையாலேயே அடித்த அடிகளுக்கு நடுவே அடிபடாமல் ஒரே ஒரு பெயர் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறிச் சேவுகம்பட்டி வந்தார். தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் வாசலில் அவரைக் கண்டு, “மொய்ன்” என்றார்.

“அண்ணே, மாயாண்டி ஐயா இருக்காருங்களா? ஒரே ஒரு கையெழுத்து.”

“உள்ளதான் இருக்காரு, வாங்க.”

கூடத்துச் சுவரில், மல்லிகை மாலைக்கும் சிவப்பு பல்புக்கும் நடுவே, மாயாண்டி முறுக்கிய மீசையோடு படத்தில் இருந்தார்.

கண்ணன் அண்ணாந்து பார்த்தார். “அண்ணே…”

“முன்பதிவு இருக்கா சார்?”

“இல்லையே.”

“அதோட இன்னைக்கு ஞாயித்துக்கிழம. ஹாம்பர்க்லருந்து வந்ததுலருந்து எங்கய்யா ஞாயித்துக்கிழமையில யாருகிட்டயும் பேசுறதில்ல.”

அடுப்படியிலிருந்து சொர்ணலட்சுமியின் குரல் வந்தது. “சாருக்குத் தெரியாமலா? சாரும் அந்த ஊருதான!”

கண்ணன் படத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “திங்கக்கெழம வாரேங்கய்யா” என்று சொல்லிவிட்டு, செருப்பு ஓசைப்படாமல் படியிறங்கினார்.