உயிரா? ஊடலா?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரே ஒரு எழுத்து ஒரு மனுஷனைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள்.

தாராவியில் தோல் பை தைக்கும் செல்லப்பாண்டி, தெருவுக்குக் குறுக்கே கட்டிய பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். சாயங்காலம் பட்டிமன்றம். 'பெரிது எது? உயிரா? உடலா?' என்று இருக்க வேண்டியது, 'உ'வில் ஒரு கொக்கி கூடிப்போய், 'உயிரா? ஊடலா?' என்று தொங்கியது.

அவர் வீட்டில் நிஜமாகவே ஊடல். போன வாரம் மனைவி சண்முகவடிவு, "முட்டு வலி உயிரு போவுது, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். உயிர்க் கட்சிக்குப் பேச ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர், "வலி உடம்புக்குத்தான் வடிவு. நீ உடம்பு இல்ல, உயிரு" என்றுவிட்டார். அன்றோடு அவள் பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் 'ணங்'கென்று பேசியது. இப்போது இந்தப் பேனரையும் பார்த்தால், வீட்டுச் சண்டையைத் தெருவில் கட்டித் தொங்கவிட்டார் என்று ஜென்மத்துக்கும் பேசமாட்டாளே!

பேனர் அடித்த ரோஷனுக்கு ஃபோன் போட்டார். "ஏல, உடல் எப்படில ஊடல் ஆச்சு?"

"அரே அங்கிள், எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு தெரியும்ல? டென்ஷன் நகோ, கவலையே படாதீங்க. எக்ஸ்ட்ரா கொக்கி மேல எதையாச்சும் ஒட்டிடுங்க."

கையில் கிடைத்தது ஒரு துண்டுத் தோல். ஏணி போட்டு ஏறி, பசை தடவி ஒட்டினார்.

உடல் கட்சிக்குப் பேசவிருந்த சிநேகிதர் மிக்கேல்ராஜ் வந்தார். "என்ன வே, ஊடலுக்குப் பிளாஸ்திரியா? வடிவுத் தங்கச்சி கைய வச்சுட்டாளோ?"

குழாயடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துச் சிரித்தார்கள். செல்லப்பாண்டி ஆத்திரத்தில் தோலைப் பிய்த்தெறிந்தார். "தலைப்பே அதான் வே! மாத்தியாச்சு!"

"அப்ப ஆள விடும். நான் உடம்புக்குத்தான் படிச்சிருக்கேன். ஊடலுக்குப் பரிஞ்சு பேசினா ஏஞ்சலம்மா என்னைய வீட்டுல சேக்க மாட்டா."

சாயங்காலம் கூட்டம் நிரம்பியது. எதிர்க்கட்சி மைக் அநாதையாக நின்றது.

"ஊடலுக்கா ஆளு இல்ல? நம்ம வடிவக்கா இருக்காவல்லா!" என்றது ஒரு குரல்.

வடிவு நொண்டிக்கொண்டே மேடையேறினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"நடுவர் ஐயா, வலி உடம்புக்குத்தானாம், எனக்கு இல்லியாம். அப்போ இந்த உயிருக்கு மத்தியானம் நெத்திலிக் குழம்பு எதுக்கு?"

பந்தல் அதிர்ந்தது.

"வாயும் உடம்புலதான இருக்கு? உடம்பு பேசலேன்னா உயிருக்கு என்ன நட்டம்? ஒரு வாரமா அவிய ஏன் தூங்காம புரண்டு புரண்டு படுக்காவ?"

கைதட்டல் அடங்கவே இல்லை. செல்லப்பாண்டி மைக்கைப் பிடித்தார். எழுதி வந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"தோத்துட்டேன். உன் முட்டு வலிச்சா எனக்கும் வலிக்கணும், வடிவு. இப்பவே சயான் ஆஸ்பத்திரிக்குப் போவோம், டாக்டரப் பாப்போம்."

"நாளைக்குப் போவலாம்" என்றாள் அவள். ஒரு வாரத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு. "இன்னைக்காவது தூங்குங்க."

பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்த ரோஷனின் முதுகில் செல்லப்பாண்டி சந்தோஷமாகத் தட்டினார். "உன் தப்பும் நல்லதுக்குத்தாம்ல!"

"என் தப்பா? எனக்குத்தான் தமிழே வராதே அங்கிள்! அந்தக் கொக்கிய எங்க மாட்டணும்னு, நொண்டிக்கிட்டே கடைக்கு வந்து விரல் வச்சுக் காட்டினது ஆன்ட்டிதான்!"

உங்கள் வீட்டிலும் உயிரும் உடம்பும் சுகமாக இருக்கட்டும், கண்ணுகளா. ஊடல் வந்தாலும் உலை கொதிக்குமுன் தீரட்டும்.