ஒற்றைக் காதணியும் இறங்காத கைகளும்

சாரி-புலாக்,
அக்டோபர், உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வாரம்.

மரியாதைக்குரிய அண்ணன் இஷென்குல் அவர்களுக்கு, தம்பி பெய்ஷென் தலை தாழ்த்தி எழுதுவது. நீங்கள் நலமா, அண்ணி நலமா, பிள்ளைகள் நலமா, ஆடு மாடு குதிரைகள் நலமா? நோவோசிபிர்ஸ்கில் ஐந்தாவது மாடியில் உங்களுக்கு ஆடும் மாடும் ஏது என்று எனக்குத் தெரியும். கேட்காமல் விட்டால் மரியாதையில்லை என்பதால் கேட்டேன். இங்கே ஆடு மாடெல்லாம் சௌக்கியம். மனிதர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பாதி புலம்புவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. "மிச்சத்தக் காகிதத்துல கொட்டுங்க, என் தலையில கொட்டாதீங்க" என்று என் வீட்டுக்காரி சோனுன் கையில் பேனாவைத் திணித்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் பாதி நாள் கொட்டிலில்தான் இருக்கிறாள். மாட்டு டாக்டர் நானா அவளா என்றே தெரியவில்லை.

விஷயம் இதுதான். நம் பெண் பூருலை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை திலேக் நல்ல பையன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிகம் பேசமாட்டான், அதனால் அவன்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. புகாரெல்லாம் அவன் அப்பா ஒரோஸாலியின்மேல். பழைய அதிபர் காலத்தில் பெரிய நாற்காலியில் இருந்த அதிகாரி. இளவேனிலில் அதிபர் நாட்டைவிட்டு விமானம் ஏறியதும் இவர் நாற்காலியும் போய், இப்போது தேனீ வளர்க்கிறார். நம் பக்கத்துப் பெரியவர் என்று யாரை உட்கார வைத்தேன்? சோனுனின் அண்ணன் காச்கினை! அதே இளவேனிலில் தலைநகர்ச் சதுக்கத்தில் நின்று அந்த அதிபரை "போ, போ" என்று கத்தித் தொண்டை கட்டி வந்தவர். இந்த இரண்டு பேரையும் ஒரே விரிப்பில் எதிரெதிரே உட்கார வைத்த புத்திசாலி உங்கள் தம்பிதான், வேறு யாருமில்லை.

ஆடு அறுத்தேன், குடிக்கப் புளித்த குதிரைப்பால் குமிஸ் வாங்கினேன், எண்ணெயில் பொரித்த மாவு போர்சோக்கை விரிப்பு தெரியாமல் கொட்டி வைத்தாள் சோனுன். சம்பந்தியம்மா பூருலின் வலது காதில் நிச்சயத்துக்கான வெள்ளிக் காதணியைப் போட்டார். பெண் அப்படியே பூரித்துப் போனாள். இடது காதுக்குப் போகுமுன் சம்பந்திக்கு வாய் துறுதுறுத்துவிட்டது, மேடையில் பேசிப் பழகிய வாயல்லவா, "இருங்க, நல்ல நேரம், ஒரு பாத்தா சொல்லிடறேன், எல்லாரும் கைய ஏந்துங்க" என்றார். ஏந்தினோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா, பெரியவர் பாத்தா என்ற வாழ்த்தை முடித்து எல்லோரும் "ஓமின்" சொல்லி முகத்தைத் தடவிக்கொள்ளும்வரை ஏந்திய கையை இறக்கக் கூடாது, இறக்கினால் பெண்ணுக்கு ஆகாது. "பிள்ளைங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும், வீடு நெறைய குழந்தைங்க ஓடணும்" என்பதுவரை அருமையாகத்தான் போனது. நானும் ஓமினை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "நாடும் முன்ன மாதிரி நிம்மதியா இருக்கணும்" என்று சேர்த்தாரே பார்க்கலாம்!

காச்கின் மச்சான் கையை ஏந்தியபடியே கேட்டார்: "முன்ன மாதிரின்னா, எப்ப மாதிரி?"

"கரண்ட் போகாம இருந்துச்சே, அப்ப மாதிரி."

"இப்ப கரண்ட் போனா போகுது. பயமில்லாம வாயத் தொறந்து பேசலாம்ல?"

"ஆமா, இருட்டுல பேசறது யாருன்னு தெரியாதில்ல, அதான் பயமில்ல!"

"அப்படீன்னா என்னால ஓமின் சொல்ல முடியாது. நான் சொல்றேன் பாத்தா. கெடைச்ச விடுதலை இப்படியே நெலைக்கட்டும்!"

"இதுக்கு எங்க வீட்ல ஒருத்தன் ஓமின் சொல்லட்டும் பாப்போம்!"

சரி, மூத்தவர் சொல்வதைக் கேட்போம் என்றால், இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்களாம். ஒருவர் பனி உருகுமுன், இன்னொருவர் பனி உருகிய பின், எவர் எது என்பதில் அடுத்த சண்டை. அதற்குள் விரிப்பு முழுவதும் இரண்டாகப் பிரிந்துவிட்டது, அண்ணா. மாவு விலை ஏறிவிட்டது என்கிறது அந்தப் பக்கம், அதிபர் மகன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனதால் ஏறியது என்கிறது இந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் குழியைப் பழைய அரசாங்கம் தோண்டியது என்கிறார் ஒருவர், புதிய அரசாங்கம் மூடவில்லை என்கிறார் இன்னொருவர். அந்தக் குழி நாம் பிறப்பதற்கு முன்பே இருக்கிறது, நீங்கள் சைக்கிளோடு விழுந்து பல்லை உடைத்துக்கொண்டதே அதில்தான்! இவ்வளவு கூச்சலிலும் எல்லோருடைய கையும் மேலேயே இருக்கிறது. எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலி. கறிமேல் கொழுப்பு உறைந்துவிட்டது, தேநீர் ஆறிவிட்டது. "கைய இறக்கிடாதீங்க, எம் பொண்ணு வாழ்க்க!" என்று சோனுன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள். பூருல் ஒற்றைக் காதணியோடு அங்குமிங்கும் பார்க்கிறாள்.

அப்போது கரண்ட் போனது.

"பாத்தியா!" என்றார்கள் சம்பந்தியும் மச்சானும் ஒரே குரலில். நான் விளக்கைத் தேடி ஏற்றுவதற்குள் ஏந்திய கைகள் எல்லாம் இருட்டில் திருட்டுத்தனமாக இறங்கிவிட்டன, ஒரு ஓமினும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு காதணியும் அவர்களோடு போய்விட்டது.

மறுநாள் நானே சமாதானத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்து யோசித்து ஒரு வாசகம் தயாரித்தேன்: "நாடு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்." சம்பந்தி கேட்டுவிட்டு, "எங்களுக்கு சாபமா குடுக்கற?" என்றார். மச்சானிடம் சொன்னேன். "இதுக்கா நான் தொண்டை கிழியக் கத்தினேன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது ஊரில் யார் வீட்டு மாட்டுக்கு ஊசி போடப் போனாலும் வாசலிலேயே நிறுத்தி, "மொதல்ல சொல்லு, நாடு உருப்பட்டுச்சா, நாசமாப் போச்சா?" என்று கேட்கிறார்கள். நான் போட வந்தது மாட்டுக்கு ஊசி ஐயா, நாட்டுக்கு இல்லை! மாடு ஒன்றுதான் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இதெல்லாம் போகட்டும் அண்ணா. பூருலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. தலையில் கட்டிய கம்பளித் துணியை அவள் அவிழ்ப்பதே இல்லை, வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில்கூட. ஒற்றைக் காதைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று மறைக்கிறாள், பாவம். என் மகள் பத்து வயதில் விழுந்து கை உடைந்தபோதும் நான் இப்படிக் கலங்கவில்லை. ஒரு பாத்தா இல்லாமல் அவள் கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறது. ஆகையால் கேட்கிறேன், நீங்கள் புறப்பட்டு வாருங்கள். நீங்கள் அவர்கள் இருவரையும்விட மூத்தவர், அதில் சந்தேகமே கிடையாது. பழைய ஆட்சியிலும் இங்கே இல்லை, புதிய ஆட்சியிலும் இல்லை. நாட்டைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, இந்தக் காலத்தில் அதுதான் பெரிய தகுதி. வந்து இரண்டு பக்கமும் வாயை மூடும்படி ஒரு பாத்தா சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு வாசல் எப்போதும் திறந்திருக்கட்டும், தேநீர்க் கொதிகலம் ஆறாதிருக்கட்டும், உங்களிடம் இல்லாத ஆடு மாடுகள் பெருகட்டும்.

உங்கள் தம்பி,
பெய்ஷென்

பின்குறிப்பு: அண்ணா, வர வேண்டாம்! உறையை ஒட்டச் சொல்லிப் பூருலைக் கூப்பிட்டேன். குனிந்தாள், தலைத்துணி நழுவியது, இரண்டு காதிலும் காதணி தொங்குகிறது! என்னடி இது என்றால் சிரிக்கிறாள். சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமையே பின்பக்கமாக மாட்டுக் கொட்டிலுக்கு வந்தாராம், திலேக்கும் கூட வந்தானாம், சோனுன் போனைப் பிடித்துக்கொண்டாளாம், நோவோசிபிர்ஸ்கிலிருந்து நீங்கள் பாத்தா சொன்னீர்களாம், மாடுகளுக்கு நடுவில் எல்லோரும் ஓமின் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்களாம்! அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் போனில் அழாத குறையாகப் புலம்பியபோது "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்கு மனசாட்சி உண்டா? ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சோனுனைக் கேட்டால், "உங்ககிட்ட சொன்னா அதுக்கும் ரெண்டு கட்சி கெளம்பும்" என்கிறாள்.

"பெரியப்பா நாட்டைப் பத்தி என்ன சொன்னாரு?" என்று பூருலைக் கேட்டேன். "நாட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலப்பா. சண்டை போட்டாலும் ஒரே கேத்தல்ல டீ குடிங்கன்னு சொன்னாரு" என்றாள். நாட்டை விட்டுவிட்டும் ஒரு பாத்தா சொல்லலாம் என்று எங்களில் ஒரு ஆம்பிளைக்கும் தோன்றவில்லையே அண்ணா.

இதை எழுதும்போதே சேதி எட்டிவிட்டதுபோல. வாசலில் சம்பந்தியும் மச்சானும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். "பெரியவங்களக் கேக்காம பாத்தாவா! நாடே கெட்டுப்போச்சு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். இளவேனிலுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது இது ஒன்றில்தான். இதைவிட நல்ல சமயம் வராது என்று நான் வாசலுக்குப் போய், இரண்டு கையையும் ஏந்தி, சத்தமாக "ஓமின்" சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டு வந்துவிட்டேன்.